முங்காத இரண்டு வருஷம்

செவிப்பறையில் ஓட்டை என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நாற்பத்தாறு வயதில் உடம்பு ஒவ்வொன்றாகக் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது, அதில் இதுவும் ஒன்று என்றுதான் நினைத்தேன். அடுத்து அவர் சொன்னதுதான் அடி.

"காதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகக்கூடாது. தலைக்குக் குளிக்கும்போது பஞ்சுல வாசலின் தடவி அடைச்சுக்குங்க. ஆறு, குளம் பக்கமே போகாதீங்க."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"தானா மூடுதான்னு பார்ப்போம். மூடலைன்னா ஆபரேஷன். எப்படியும் ஒரு வருஷம்னு வெச்சுக்குங்க."

நான் திருநெல்வேலி மீனாட்சிபுரத்துக்காரன். குறுக்குத்துறை நடக்கிற தூரம். வெளியூரில் வேலை பார்த்த வருஷங்களைக் கழித்துவிட்டால், தாமிரபரணியில் முங்காத வாரம் என்று என் வாழ்க்கையில் அதிகம் இல்லை. எங்கள் பக்கம் ஆற்றுக்குப் போவது என்றால் குளிக்கப் போவதுதான். ஆற்றைப் 'பார்க்க' யாரும் போவதில்லை. விருந்தாளி வந்தால்கூட, "வாங்க, ஆத்துக்குப் போவோம்" என்று துண்டை எடுத்துக் கையில் கொடுப்போமே தவிர, கரையில் நிறுத்தி அழகைக் காட்டுகிற வழக்கம் கிடையாது. படகு கிடையாது, தூண்டில் போடுகிறவர்கள் நாலைந்து பேர். மிச்ச எல்லாருக்கும் ஆறு என்றால் படித்துறை, சோப்பு, உள்நீச்சல், கண் சிவக்கிறவரை ஆட்டம், அப்புறம் அகோரப் பசி.

எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது தாத்தா. அவர் பாடத்தில் பாதி எங்கே நீந்தக்கூடாது என்பது. ஆற்றின் அடியில் திடீரென்று ஆழமாகிற குழியைக் கசம் என்போம். மேலே தண்ணீர் அசையாமல் பளபளவென்று கிடக்கும். விவரம் தெரியாதவனுக்கு அதுதான் பத்திரமான இடமாகத் தெரியும். "எங்க சலசலன்னு சத்தம் போடுதோ அங்க இறங்கு. சத்தம் இல்லாத தண்ணியை நம்பாதலே" என்பார். நான் முறைத்தால், "பாபநாசத்துல வ.வே.சு. ஐயரையே கொண்டுபோச்சு, நீ எம்மாத்திரம்" என்று முடிப்பார். ஐயர் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆற்றில் போன ஏதோ ஒரு ஐயர் என்று நினைத்திருந்தேன். பிற்பாடு தெரிந்தது: லண்டனுக்குப் பாரிஸ்டர் படிப்புக்குப் போய், சாவர்க்கரோடு சேர்ந்து, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். 1922இல் இதே ஆற்றங்கரையில் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். 1925 ஜூனில் பிள்ளைகளோடு பாபநாசம் போனபோது, அருவிப் பக்கம் தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்ற இறங்கினார். இரண்டு பேருமே திரும்பவில்லை. அவ்வளவு பெரிய சரித்திரத்தைத் தாத்தா எனக்குக் கொடுத்தது ஒரு நீச்சல் எச்சரிக்கையாக.

சரி, கதைக்கு வருகிறேன். முங்கக்கூடாது என்றாலும் கால் தானாகக் குறுக்குத்துறைக்குத்தான் போயிற்று. 2022 செப்டம்பர். காலை ஆறு மணிக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். கணுக்கால் வரை தண்ணீர். வழக்கமாக வரும் அண்ணாச்சி ஒருவர் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்னவே, குளிக்காம உக்காந்திருக்கீரு? காய்ச்சலா?"

காதைக் காட்டினேன். துஷ்டி வீட்டில் துக்கம் விசாரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "அடப் பாவமே" என்றார்.

சும்மா உட்கார்ந்திருப்பது முதல் வாரம் தண்டனையாக இருந்தது. இரண்டாம் வாரத்தில்தான், முப்பது நாற்பது வருஷமாக வந்துபோகிற இடத்தில் நான் பார்க்காத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்று உறைத்தது. பறவைகளைச் சொல்கிறேன். ஆற்றுக்குள் இருக்கிறவனுக்குத் தண்ணீரின் குளிர் தெரியும், இழுப்பு தெரியும், காலடியில் மணலா பாறையா என்று தெரியும். ஆனால் அவன் போடுகிற சத்தத்துக்கு எந்தப் பறவையும் ஐம்பதடிக்குள் நிற்காது. நானும் என் கூட்டாளிகளும் சேர்ந்து நாள் தவறாமல் விரட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறோம்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றின் நடுவே பாறைமேல் இருக்கிறது. தண்ணீர் வந்து மோதுகிற பக்கத்துச் சுவரைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டியிருப்பார்கள். வெள்ளம் முட்டி இரண்டாகப் பிரிந்து போய்விடும். தண்ணீர் ஏறுகிறது என்றால் உற்சவரைக் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்கு எடுத்துவந்துவிடுவார்கள். மூலவர் முழுகட்டும் என்று விட்டுவிடுவது, வடிந்ததும் மண்ணை வாரிப் போட்டுக் கழுவிவிட்டுப் பூசையைத் தொடர்வது. திருச்செந்தூர் முருகன் சிலைக்கு இங்கிருந்துதான் கல் எடுத்தார்கள் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. அந்தக் கோயிலைச் சுற்றிக் கிடக்கிற பாறைகளில் ஒன்றை ஒரு நீர்க்காகம் பட்டா போட்டு வைத்திருந்தது.

தினமும் அதே பாறை. முங்கி மீன் பிடிக்கும், மேலே ஏறும், இரண்டு இறக்கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கும். வாத்துகளுக்கு இருப்பதுபோல் இதன் இறகில் தண்ணீர் முழுக்க ஒட்டாமல் வழிந்துவிடாது, ஊறிவிடும். அதனால் முங்குவது சுலபமாகிறது, ஏறியதும் காயப்போட வேண்டியிருக்கிறது. இதை எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கழுத்தில் பைனாகுலரோடு வாரத்தில் இரண்டு நாள் வருவார். நான் வெறுங்கண்ணால் முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு, தன்னுடைய பழைய பைனாகுலரைக் கொடுத்தார். வலது பக்கக் கண்ணாடியில் கொஞ்சம் பூஞ்சை. இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்தப் பைனாகுலரில் நான் முதலில் ஒழுங்காகப் பார்த்தது ஒரு சண்டையை. நீர்க்காகம் கெளுத்தி ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் ஏறியது. கெளுத்தி முள் குத்தியவர்களுக்குத் தெரியும், மூன்று பக்கமும் முள்ளை விறைத்துக்கொண்டு நிற்கும். பறவை அதை அலகில் திருப்பித் திருப்பி, தலைப்பக்கம் முதலில் போகிறமாதிரி வைத்து விழுங்கப் பார்த்தது. பாதி உள்ளே, பாதி வெளியே. முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது போலும். கழுத்து வீங்கி, கண் பிதுங்கி, அப்படியே கக்கிவிட்டது. மீன் பாறையில் துள்ளியது. மறுபடி கவ்வி, பாறையில் நாலு அடி அடித்து, மறுபடி விழுங்கல். நான்காம் தடவையில் உள்ளே போயிற்று. கழுத்தில் ஒரு முடிச்சு மெல்லக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு இறக்கையை விரித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தால் இருபது நிமிஷம் போயிருந்தது. அண்ணாச்சி குளித்து முடித்து, திருநீறு பூசி, கிளம்பியே போய்விட்டார்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக. கழுத்தை மட்டும் வெளியே நீட்டிப் பாம்பு நீந்துவதுபோல வரும் பாம்புத்தாரா. காற்றில் ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, கல் விழுவதுபோல் தலைகுப்புற விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி. சின்ன வயதில் வீட்டுக்கு வீடு கேட்ட 'டிட்-ஈ-டூ-இட்' சத்தத்துக்குச் சொந்தக்காரரான ஆட்காட்டி. மழைக்காலத்துக்கு முன்னாலேயே வடக்கிலிருந்து வந்து, படியோரம் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடக்கிற உள்ளான். கைக்குள் அடங்குகிற அளவு. அது தாண்டி வந்த தூரத்தை வாத்தியார் சொன்னபோது, மதுரைக்குப் பஸ்ஸில் போய்வந்தாலே இரண்டு நாள் படுத்துக்கிடக்கிற என் நிலைமையை நினைத்து வெட்கமாக இருந்தது.

2023 ஜனவரியில் அவர் என்னைத் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்கு இழுத்துப்போனார். 2011 முதல் வருஷா வருஷம் நடக்கிறது. பெயரில் ஆறு இருந்தாலும் எண்ணுவது பெரும்பாலும் குளங்களில். தப்பில்லை. இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியில் இருக்கிற ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து வயல். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிகிற நெல்லைக் கால்வாய்தான் ஊருக்குள் நயினார்குளத்தை நிரப்புகிறது. கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளைகிற ஊரில் நாரைக்கும் இரண்டு பூச் சாப்பாடு. நயினார்குளத்தில் ஒரு பக்கம் லாரி ஹாரன், மார்க்கெட் கூச்சல். தண்ணீருக்குள் நிற்கிற மரங்களில் நீர்க்காகக் கூடுகள். எனக்குக் கொடுத்த வேலை நத்தைக்குத்தி நாரைகளை எண்ணுவது. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், அதுதான் அடையாளம். எண்ணி முடிப்பதற்குள் எல்லாம் எழுந்து பறந்து இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. மூன்று தடவை எண்ணி மூன்று எண் வந்தது.

பறவை நிறைய இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழுகிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கொக்கு, மடையான் எல்லாம் பந்தியில் உட்கார்ந்ததுபோல் வரிசையாக நிற்கும். அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, அடைத்துக்கிடக்கிற இடத்தில் நீலத் தாழைக்கோழி சொகுசாக நடை பழகும். அமலை தடித்தால் அடியில் வெளிச்சம் போகாது, காற்று போகாது, மீன் செத்துப்போகும். கோழிக்கு அதைப் பற்றி என்ன? எந்தப் பறவை, எந்த இடத்தில் என்று பார்க்காமல் தலையை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம்.

படித்துறையில் உட்கார்ந்து அலுத்தால், ஆற்றை ஒட்டியே வடக்கே நடந்து கொக்கிரகுளம் பாலம் வரை போவேன். கைலாசபுரத்தில் தைப்பூச மண்டபம், அதைத் தாண்டினால் அந்தப் பாலம், சுலோச்சன முதலியார் பாலம். 1843இல் திறந்தது. 11 வளைவுகள், 760 அடி நீளம். லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து வரைந்த திட்டம் என்பார்கள். அதுவரை பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே தோணிதான். தோணித்துறையில் தினமும் முந்தி ஏறுகிற தகராறு. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார், அன்றைய காசில் அரை லட்சம் ரூபாய் அளவுக்குத் தன் கைக்காசைப் போட்டுப் பாலத்தை முடித்தார். மனைவி நகையைக் கழற்றிக் கொடுத்த கதையும் ஊரில் உண்டு. வளைவுகளுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், கல் இடுக்குகளிலிருந்து புறாக்கள் எட்டிப் பார்க்கும். மேலே பஸ் போகிற அதிர்வு கீழே கேட்காது.

அந்த இடத்தில் நான் அதிகநேரம் உட்காருவதில்லை. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடியில் ஆற்றுப் பக்கம் ஓடி, தண்ணீரில் இறங்கியவர்களில் 17 பேர் செத்துப்போனார்கள். அதில் ஒரு கைக்குழந்தை. நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். பேப்பரில் படம் பார்த்து, எந்தப் படி, எந்தப் பாறை என்று எனக்கு ஒவ்வொன்றும் அடையாளம் தெரிந்தது. வருஷா வருஷம் அந்தத் தேதியில் வந்து ஆற்றில் பூப் போட்டுவிட்டுப் போகிறார்கள். மறுநாள் காலை செவ்வந்திகள் பாறை இடுக்குகளில் ஒதுங்கிக் கிடக்கும்.

மேற்கே போனால் ஆறு வேறு ஆளாகிவிடும். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் கரையோரம் மருத மரங்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமன். மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் பகல் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு தொங்கும். இன்னும் மேலே பாபநாசம். அதற்கும் மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றோடு விடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. பாவம் போகிறதோ என்னவோ, துணி போவதில்லை. பாறைக்குப் பாறை மாட்டிக்கொண்டு, பாசி பிடித்து, அள்ளினால் டன் கணக்கில் வருகிறது.

2023 ஏப்ரலில் வாத்தியாரோடு கல்லிடைக்குறிச்சியில் ஒரு படித்துறையில் விடிவதற்கு முன் போய் உட்கார்ந்தோம். எதிர்க்கரையில் நாணல். வெளிச்சம் வரும் நேரத்தில் தண்ணீரில் மூன்று கருப்பு உருண்டைகள். தேங்காய் மிதந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்று முங்கியது. வாத்தியார் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். நீர்நாய். முங்கிய ஒன்று மீனோடு எழுந்து, மல்லாந்ததுபோல் சாய்ந்து, இரண்டு கையாலும் மீனைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. ஆறு அத்தனை அகலம் இருந்தும் அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டது: அப்பளம் நொறுங்குகிற சத்தம். கல்லிடைக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு வேறு என்ன உவமை தோன்றும்? என் அடைபட்ட காதிலும் கேட்டது என்று சத்தியம் செய்வேன். அப்புறம் மேலே ஒரு மோட்டார் பைக் நின்றது, வாளி ஒன்று படியில் 'டங்'கென்று வைக்கப்பட்டது, மூன்று தலைகளும் இல்லை. வாளிக்காரரைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது.

கிழக்கே போனது ஒரே தடவை, ஆதிச்சநல்லூருக்கு. தென்கரையில் ஒரு மேடு, பழங்காலத்து இடுகாடு. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ. 2004இல் மறுபடி தோண்டியபோது தாழி தாழியாக எலும்புக் கூடுகள். ஆற்றுக்கு வடக்கே கொஞ்சம் தள்ளியிருக்கும் சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல் உமிக்குக் கி.மு. 1155 என்று காலம் கணித்திருக்கிறார்கள். எனக்கு இவை எல்லாவற்றையும் விட, 2004இல் கிடைத்த ஒரு பானை ஓட்டுச் சில்லைப் பற்றிப் படித்ததுதான் மண்டையில் நின்றது. மண்ணை ஒட்டிச் செய்த உருவங்கள்: மெலிந்து உயர்ந்த ஒரு பெண், பக்கத்தில் செடி, ஒரு மான், ஒரு முதலை, ஒரு கொக்கு. பானை செய்த அந்த ஆளோ பெண்ணோ ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். காதில் ஓட்டை இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

2023 டிசம்பர் 17, 18. அந்த மழையைச் சொல்லாமல் இருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. எங்கள் பக்கம் ஜங்ஷன் தண்ணீரில். குறுக்குத்துறைக் கோயில் இருந்த இடத்தில் ஆறு மட்டும் ஓடியது. 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களே வாயடைத்துப் போனார்கள். அந்த ஆற்றில் ஓசை வேறு. அடியில் பாறைகள் உருளுகிற உறுமல், நெஞ்சில் கேட்டது.

வடிந்து ஒரு வாரம் கழித்துப் போனேன். நான் உட்காருகிற படி மணலுக்குள். மரக்கிளையில், என் தலைக்கு இரண்டு ஆள் உயரத்தில், ஒரு பச்சைச் சேலை சுற்றிக்கொண்டு ஆடியது. நீர்க்காகத்தின் பாறை இருந்தது, அது இல்லை. சேற்றில் முதலில் வந்து இறங்கியது வெண்புருவ வாலாட்டி. கோயில் வாசலில் மண்வெட்டியோடு நின்றவர்களின் காலுக்கு அருகிலேயே, கிளறிப் போட்ட மண்ணில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியும் மண் வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "காதுதானே கோளாறு, கை நல்லாத்தானே இருக்கு?" என்று ஒரு சட்டியை நீட்டினார்.

காது தானாக மூடவில்லை. 2024 மார்ச்சில் ஆபரேஷன். தைத்தது ஒட்டிக்கொண்டது என்றார்கள். அக்டோபர் முதல் வாரம் டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "போங்க, ஆத்துல குளிங்க. ரொம்ப ஆழத்துக்கு மட்டும் முங்காதீங்க" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குள் துண்டோடு போய்விட்டேன். சோப்பு எடுத்துப்போகவில்லை. மறந்துவிட்டது என்றுதான் அண்ணாச்சியிடம் சொன்னேன். ஓசைப்படாமல் இடுப்பளவு தண்ணீருக்கு இறங்கி நின்றேன். மழைக்கு முந்தின தண்ணீர், தெளிந்து, குளிர்ந்து. பாறையில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது. அதே பறவைதானா என்று எனக்குத் தெரியாது, அதே பாறை. மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினேன். காதுக்குள் குளிர் ஏறியது. ஆற்றின் உள்சத்தம் கேட்டது, இரண்டு வருஷம் கழித்து. எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் பாறை காலி.

விரட்டிவிட்டோம் என்று நினைத்தேன். பதினைந்தடி தள்ளித் தண்ணீருக்கு மேல் ஒரு கருப்புத் தலை எழுந்தது. என் தலையும் அதன் தலையும் ஒரே மட்டத்தில். ஒரு நொடி பார்த்தது. பிறகு முங்கிக்கொண்டது.